கேளுங்கள், பேசுவோம்: பொய் சொன்னது பொற்கொல்லன், செத்தது ஏன் பாண்டியன்?

போன இதழில் ஒரு வாசகர், பழிவாங்கும் கதைகளில் உங்கள் மனதில் நிற்பது எது என்று கேட்டிருந்தார். சிலப்பதிகாரம் என்று எழுதினேன். கூடவே, "அதில் யார்மேல் எவ்வளவு குற்றம் என்பது எனக்கு இன்னும் தீராத கணக்கு" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன. கோத்தகிரியில் நாலு நாளாக விடாத மழை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் திரும்ப ஒருமுறை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். வேறு விஷயம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி:
பாண்டியன் நெடுஞ்செழியனை ஏமாற்றியது பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியதும் அவன், பழியைக் கோவலன்மேல் போட்டதும் அவன். ஏமாந்தவனைக் குற்றவாளி என்று சொல்வது நியாயமா? இன்றைக்கு யாராவது ஒருவரைத் தூண்டிவிட்டுத் தப்பு செய்ய வைத்தால், தூண்டிவிட்டவர்மேல்தானே நமக்குக் கோபம் வருகிறது?

பொற்கொல்லன் எவ்வளவு தேர்ந்த ஆள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், அதைக் குறைத்துப் பேசினால் பாண்டியனுக்கு நாம் அநியாயம் செய்தவர்களாகிவிடுவோம். அவன் அரண்மனைக்குள் போய்வரும் ஆள், பின்னால் நூறு கொல்லர்கள் வரத் தெருவில் நடக்கிறவன். எடுத்த சிலம்பு வெளியே தெரிவதற்குள் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஊருக்குப் புதியவன் ஒருவன் அவனிடமே வந்து, அரசிக்குப் பொருத்தமான சிலம்பு ஒன்று இருக்கிறது, விலை மதிக்க முடியுமா என்று கேட்கிறான்.

அரண்மனையில் அப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அரசன் ஆடல் பாடலில் லயித்துவிட்டான் என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானம் செய்ய அரசன் கிளம்பி அந்தப்புர வாசலுக்கு வரும்போது பொற்கொல்லன் காலில் விழுகிறான். கன்னக்கோல் இல்லாமல், கவைக்கோல் இல்லாமல், மந்திரத்தால் காவலரைத் தூங்க வைத்துச் சிலம்பைத் தூக்கிய கள்வன் இப்போது என் சின்னக் குடிசையில்தான் இருக்கிறான் என்கிறான். கோபித்துக்கொண்டு போன மனைவியிடம் வெறுங்கையோடு போகிற மனிதனுக்கு, அவளுடைய காணாமல் போன நகையே கிடைக்கப்போகிறது. ஒருவனுக்கு எந்த நிமிடத்தில் எது வேண்டுமோ, அந்த நிமிடத்தில் அதைக் கையில் வைத்து நீட்டுவதுதான் இந்த வித்தை. பொய் எவ்வளவு பெரியது என்பது இங்கே முக்கியமே இல்லை, வந்த நேரம்தான் முக்கியம்.

சரி, அதற்கப்புறம்? ஊர்க்காவலரைக் கூப்பிட்டு அரசன் சொல்கிறான்: என் தேவியின் காற்சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால், "கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு". கொல்வதற்காகக் கொண்டுவா என்று சொல்ல வந்தவன் விதி வாய்க்குள் புகுந்து கொன்றுவிட்டுக் கொண்டுவா என்று சொல்லிவிட்டான் என்று பழைய உரையின் வழியில் ஒரு விளக்கம் உண்டு. அழகான விளக்கம்தான், ஆனால் என் மனம் அதற்கு முன்னால் வருகிற சின்னச் சொல்லில் போய் நிற்கிறது. "கையது ஆகில்". அவன் கையில் இருந்தால் என்று ஒரு நிபந்தனை வைக்கிறான் அல்லவா, அப்படியானால் சந்தேகம் எழ வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையைச் செய்யப் போகிறவர் யார்? காவலர்களோடு கூடவே போகிறவன் அதே பொற்கொல்லன். குற்றம் சாட்டியவன் கையிலேயே விசாரணையைக் கொடுத்து அனுப்பிவிட்டு அரசன் மனைவியைப் பார்க்கப் போகிறான்.

அதுவும் போக, கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது என்பது எதையும் நிரூபிக்காது. அது எந்தச் சிலம்பு என்பதுதான் கேள்வி. அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் வழக்குரை காதையில் வருகிறது, கண்ணகி உடைக்கிறாள், மாணிக்கம் தெறித்து அரசனின் வாயருகே படுகிறது. கோவலன் செத்த பிறகு செய்த அதே சோதனையை அவன் உயிரோடு இருந்தபோது செய்திருக்கலாம். நகையை வாங்கிக் குலுக்கிப் பார்க்கிற சிரத்தைகூடப் போதும், ஒரு மனிதன் பிழைத்திருப்பான்.

அந்த இடத்தில் அரசன் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்". பொற்கொல்லனை அவன் மறக்கவில்லை, வாக்கியத்தின் தொடக்கமே அவன்தான். ஆனால் பழி போய் விழுகிற சொல் "கேட்ட". அவன் சொன்னான் என்பது அவனுடைய வினை, நான் கேட்டேன் என்பது என்னுடைய வினை. என்னை ஏமாற்றிவிட்டான், அவனைப் பிடித்து வாருங்கள் என்று கத்த அரசனுக்கு எல்லா வசதியும் இருந்தது. இளங்கோ "வினைவிளை காலம் ஆதலின்" என்று விதியையும் அவனுக்கு ஒரு சாக்காகக் கொடுத்து வைத்திருக்கிறார். அவன் அதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது. குற்றத்தை நாம் பாகப்பிரிவினை சொத்து மாதிரி நினைக்கிறோம், பொற்கொல்லனுக்கு முக்கால் பங்கு எழுதினால் பாண்டியனுக்குக் கால் பங்குதான் மிச்சம் என்று. அப்படி இல்லை. பொற்கொல்லன் செய்த பாவம் முழுதாக அவனுடையது, பாண்டியன் விசாரிக்காதது முழுதாகப் பாண்டியனுடையது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க முடியாது. ஏமாந்த எல்லோரையும் இப்படிச் சொல்ல மாட்டேன். விவரம் தெரியாத பிள்ளையை, மிரட்டலுக்கு அஞ்சியவரை, விசாரிக்க வழியே இல்லாதவரை எப்படிக் குற்றம் சொல்வது? பாண்டியனுக்கு வழி இருந்தது, நேரம் இருந்தது, விசாரிப்பதுதான் அவன் வேலையே.

அப்புறம் இன்னொன்று. இதே தவறைக் கோவலனும் செய்திருக்கிறான். கானல்வரியில் மாதவி பாடிய பாட்டைக் கேட்டு, இவள் வேறு யாரையோ நினைத்துப் பாடுகிறாள், "மாயப் பொய்பல கூட்டும் மாயத்தாள்" என்று முடிவு கட்டி எழுந்து போகிறான். ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாம். கதை தொடங்குவதும் கேட்காத ஒரு தீர்ப்பில், கோவலன் சாவதும் கேட்காத ஒரு தீர்ப்பில். இதை நான் பாடம் நடத்திய வருடங்களில் கவனிக்கவே இல்லை, இந்த மழையில்தான் கண்ணில் பட்டது.

கூடலூரிலிருந்து ஓய்வு பெற்ற காவலர் ஒருவர்:
ஆணையை நிறைவேற்றிய காவலர்கள்மேல் தவறு உண்டா? கூடவே ஒரு சந்தேகம், கண்ணகி கோவில் எங்கள் கூடலூருக்கு மேலே இருக்கிறது என்று என் பேரன் சொல்கிறான், உண்மையா ஐயா?

பேரனுடைய கூடலூர் நம் நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர். மங்கலதேவி கண்ணகி கோவில் அந்த ஊருக்கு மேலே, கேரள எல்லையை ஒட்டிய மலையில் இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று, மக்கள் மலையேறிக் கும்பிடுகிறார்கள்.

காவலர்கள் விஷயம் அரசனுடையதைவிட எனக்கு அதிகமாக வலிக்கிறது. அவர்களில் சிலர் கோவலனைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள், இவன் முகத்தையும் இருப்பையும் பார்த்தால் கொல்லத்தக்கவன் இல்லை என்று. பொற்கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு பாடம் எடுக்க ஆரம்பிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுக்கு எட்டு துணை உண்டாம், நல்லவன் மாதிரி தெரிவதே அவன் தேர்ந்த கள்வன் என்பதற்கு அடையாளமாம். கண்ணால் கண்ட சாட்சியையே தலைகீழாகத் திருப்பிவிட்டான் பாருங்கள். அப்புறம் இளைஞன் ஒருவன், மழை பெய்த ஓர் இருட்டு ராத்திரியில் ஒரு கள்வன் என் வாளையே பிடுங்கிக்கொண்டு மறைந்துவிட்டான் என்று பழைய கதையைச் சொல்கிறான். இவனை விட்டால் அரசன் நம்மைச் சும்மா விடமாட்டான் என்ற பயமும் சேர்கிறது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருவன், "கல்லாக் களிமகன்" என்கிறார் இளங்கோ, வாளை வீசிவிடுகிறான்.

நீங்கள் சீருடை போட்டவர், உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெட்டியவனைவிட, "இவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று முதலில் வாய் திறந்தவர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது. இன்னொரு முறை அரசனிடம் போய்க் கேட்டுவிட்டு வருவோம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். பேச ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள், அந்த இடைவெளியில்தான் குடிகாரனின் வாள் இறங்குகிறது.

ஊட்டியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் வாசகர்:
நாங்கள் மூன்று தலைமுறையாகப் பொன் வேலை செய்கிறவர்கள். என் மகள் வகுப்பில் இந்தப் பாடம் நடந்த அன்றைக்கு அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒருவன் செய்த தப்புக்கு இத்தனை காலம் கழித்து என் பிள்ளை ஏன் தலை குனிய வேண்டும்?

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். நானும் ஒரு பள்ளியில் தமிழ் நடத்தியவன். "பொய்த்தொழிற் கொல்லன்" என்ற சொல் வரும்போது குரலை ஏற்றி, பல்லைக் கடித்து, நாடகம் மாதிரிப் படிப்பேன், பிள்ளைகள் ரசிப்பார்கள். ஒரு வருடம் அப்படிப் படித்து முடித்தபோது பின்பெஞ்சில் இருந்தவர்கள் முன்பெஞ்சைப் பார்த்துச் சிரித்தார்கள். முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் பொன் வேலை செய்கிற ஒரு பத்தர் வீட்டுப் பையன். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மறுநாளிலிருந்து அவன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான், அப்போதும் நான் ஏன் என்று கேட்கவில்லை. உங்கள் மகளுடைய அழுகையைப் படித்ததும் அவன் முகம்தான் வந்தது. அந்தப் பையனிடம் சொல்ல முடியாத மன்னிப்பை உங்கள் மகளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

காப்பியத்தில் இதைவிடக் கொடுமையான ஒன்று இருக்கிறது, பாடப் புத்தகத்தில் அநேகமாக வராது. பாண்டியன் இறந்த பிறகு கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்கிறேன் என்று ஒரே பகலில் 1000 பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். நூலின் முன்னால் வருகிற உரைபெறு கட்டுரையில் ஒருமுறையும் நீர்ப்படைக் காதையில் இன்னொரு முறையும் வருகிறது, "ஈரைஞ்ஞூற்றுவர்" என்று எண்ணிக்கையோடு. குற்றம் செய்தவன் ஒருவன், அவனுக்கென்று தனியாகத் தண்டனைக் காட்சிகூட இல்லை. அவன் செய்த தொழிலைச் செய்த பாவத்துக்கு 1000 பேர். அவர்களில் ஒருவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் மனைவிகள் இருந்திருப்பார்கள், ஒவ்வொருத்தியும் ஒற்றைச் சிலம்போடு நீதி கேட்டு வந்திருந்தால் கொற்கையில் யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

அதைக் கண்ணகி கேட்கவில்லை என்பதை மகளிடம் சொல்லுங்கள். தீக்கடவுள் வந்து யாரை விடட்டும் என்று கேட்டபோது அவள் "தீத்திறத்தார் பக்கமே சேர்க" என்றுதான் சொன்னாள், கொல்லர் பக்கம் என்று சொல்லவில்லை. குலத்தின்மேலும் தொழிலின்மேலும் பழியைத் தூக்கிப் போட்டது பிறகு வந்த அரசன். ஊருக்குக் கோபம், அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, அவன் காட்டிவிட்டான். பொற்கொல்லன் செய்ததும் அதுதானே, தன் திருட்டுக்கு ஒரு புதியவனின் முகத்தைக் காட்டினான். அடுத்த முறை வகுப்பில் யாராவது சிரித்தால், இந்த 1000 பேரை யார் கொன்றது என்று உங்கள் மகள் எழுந்து கேட்கட்டும். ஆசிரியர் பதில் சொல்லட்டும்.

அரவங்காட்டிலிருந்து ஒரு வாசகி:
கோவிலில் கண்ணகியைக் கும்பிடும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். கணவனைக் கொன்றது அரசன், எரித்தது ஊரை. அப்பாவிகளை எரித்தவளைத் தெய்வம் என்று எப்படிச் சொல்வது?

உறுத்தட்டும் அம்மா, அந்த உறுத்தல் போகவேண்டியதில்லை. இளங்கோவுக்கே அது இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியவர், குழந்தைகள் எல்லோரையும் விட்டுவிடு என்று அவள் வாயால் ஒரு பட்டியல் சொல்ல வைத்திருக்க மாட்டார். கறவையும் கன்றும் இருந்த பக்கம் தீ போகவில்லை என்றும் எழுதுகிறார். ஆனால் நிஜத் தீ அப்படியெல்லாம் ஆள் பார்த்து எரியாது, அது நமக்கும் தெரியும். கோடையில் நம் மலைச்சரிவில் பற்றுகிற காட்டுத்தீ எந்தக் கூட்டைப் பார்த்து ஒதுங்குகிறது? "தீத்திறத்தார்" யார் என்று ஒரு நொடியில் யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்விக்குக் காப்பியத்தில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அரசனும் அரசியும் செத்த பிறகும் "ஒட்டேன் அரசோடு ஒழிப்பேன் மதுரையும்" என்று அவள் கிளம்புகிற இடத்தில் நான் அவளோடு போகவில்லை, வாசலிலேயே நின்றுவிடுகிறேன்.

ஆனால் அவள் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எரிகிற நகரத்தில், மதுரையைக் காக்கும் மதுராபதித் தெய்வம் அவள் முன்னால் வரத் தயங்கி, பின்னால் நின்று பேசுகிறது. பழைய கதை ஒன்றைச் சொல்கிறது. போன பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்தான். கபிலபுரத்திலிருந்து நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அழுது அலைந்து, மலையுச்சியிலிருந்து விழும்போது சாபம் விட்டாள். நகை விற்க வந்த புதியவன், அரசன் காதில் போட்ட ஒரு பொய், விசாரிக்காத கொலை, மனைவியின் கண்ணீர். எல்லாம் அப்படியே. இந்தப் பிறவியில் கொலையானவன் போன பிறவியில் பொற்கொல்லன் இருந்த இடத்தில் இருந்தவன்.

முன்பிறவிக் கணக்கை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அது கோவலன் சாவை நியாயப்படுத்தவில்லை. ஆனால் நியாயம் கேட்டு எரிக்கிற கையோடு இருக்கிற பெண்ணிடம், உன் கணவனாலும் ஒருத்தி இப்படி நின்றாள் என்று சொல்வது எவ்வளவு கனமான விஷயம்! அதைக் கேட்ட பிறகு அவள் வேறு யாரையும் எரிக்கவில்லை. வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். முதலில் பார்த்து யாரம்மா நீ என்று கேட்டவர்கள் மலைக்குறவர்கள். (வேங்கை நம் முதுமலைக் காட்டிலும் உண்டு, பூத்து நிற்கும்போது பார்த்தால் தூரத்திலிருந்தே மஞ்சளாகத் தெரியும்.) கடைசியில் வாழ்த்துக் காதையில் தெய்வமாகத் தோன்றி அவள் சொல்வது, "தென்னவன் தீதிலன்". பாண்டியன்மேல் தவறில்லை, நான் அவன் மகள் என்கிறாள். அவளே மன்னித்துவிட்டாள் என்பதால் பாண்டியன் செய்தது இல்லை என்று ஆகிவிடாது, ஆனால் மன்னிக்கிற உரிமை அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது, அவள் அதைப் பயன்படுத்தினாள். நான் கும்பிடுவது அந்தக் கண்ணகியை.

உதகையிலிருந்து ஒரு வாசகர்:
நம் நீலகிரி சிலப்பதிகாரத்தில் வருகிறதாமே?

வருகிறது. கால்கோட் காதையில், கண்ணகி சிலைக்கு இமயத்தில் கல் எடுக்கப் படையோடு போகிற சேரன் செங்குட்டுவன் "நீலகிரியின் நெடும்புறத்து" தங்குகிறான், கொங்கணக் கூத்தரும் கருநாடரும் அங்கே ஆடிக் காட்டுகிறார்கள். அது நம் மலைதான் என்று பலரும் கொள்கிறார்கள். ஆனால் பெருமைப்படுகிற அவசரத்தில் அந்தப் படை எதற்குப் போனது என்பதை மறக்க வேண்டாம். தமிழ் அரசரை இகழ்ந்த கனகன், விசயன் இருவரையும் தோற்கடித்து, கண்ணகியின் கல்லை அவர்கள் தலையிலேயே ஏற்றிக் கொண்டுவருகிறான். அந்த இருவருக்கும் கண்ணகிக்கும் என்ன சம்பந்தம்? சோழனும் பாண்டியனும் இது வீரமில்லை என்று சொல்லி அனுப்பியபோது செங்குட்டுவனுக்குக் கோபம் பொங்குகிறது, மாடலன் என்ற மறையவன் பக்குவமாகச் சொல்லி அதைத் தணிக்கிறான், சிறைப்பட்டவர்கள் விடுதலையாகிறார்கள்.

மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி:
இரண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிறேன். போன வருடம் கொட்டகையில் இருந்த உர மூட்டைகள் காணாமல் போயின. என் பங்காளி ஒருவர், பதினோரு வருடமாக எங்களிடம் கொழுந்து எடுத்த அக்காதான் எடுத்திருப்பார் என்று உறுதியாகச் சொன்னார். நான் அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல், மற்ற ஆட்கள் முன்னாலேயே, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூட்டைகளை விற்றதே அந்தப் பங்காளிதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இரவில் தூக்கம் இல்லை. பாவம் என்னுடையதா, பங்காளியுடையதா?

மேலே எழுதியதை எல்லாம் படித்திருந்தால் என் பதில் உங்களுக்குத் தெரியும், அதனால் அதை நீட்டவில்லை. திருடிய பாவமும் பொய் சொன்ன பாவமும் பங்காளியுடையது. கேட்காதது உங்களுடையது. பங்காளியை என்ன செய்வது என்று இப்போதைக்கு யோசிக்காதீர்கள், அதில் இறங்கினால் மனம் முழுக்க அங்கேயே போய்விடும், அக்கா மறுபடியும் மறந்து போவார்.

சிலப்பதிகாரத்தில் உங்களுக்கு உதவுகிற கதை பாண்டியன் கதை இல்லை. அவன் "கெடுகென் ஆயுள்" என்று விழுந்து செத்தான், அது பெரிய மனசுதான், ஆனால் அதனால் கண்ணகிக்கு ஒரு பிடி சோறு கிடைக்கவில்லை. கோவலன் கொலையுண்டதைக் கேட்டு மாதரி தீயில் விழுந்தாள், அடைக்கலமாக வந்தவர்களைக் காக்கத் தவறினேன் என்று. அந்த இடையர்குல மூதாட்டிமேல் எள்ளளவு குற்றமும் கிடையாது. இப்படித் தூக்கமில்லாமல் உங்களையே எரித்துக்கொண்டிருந்தால் அக்காவுக்கு என்ன லாபம்?

மதுராபதி சொல்கிற இன்னொரு கதையைப் பாருங்கள். வார்த்திகன் என்று ஒரு அந்தணர். அவர் மகனுக்கு ஒருவர் நகைகள் பரிசாகக் கொடுக்க, பொறாமைப்பட்ட அரசு ஆட்கள் புதையலைத் திருடிக்கொண்டான் என்று வார்த்திகனைச் சிறையில் போட்டுவிடுகிறார்கள். அவர் மனைவி கார்த்திகை தரையில் விழுந்து புரண்டு அழுகிறாள். கொற்றவையான ஐயையின் கோவில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டிய அரசன் அப்போது என்ன நடந்தது என்று விசாரிக்கிறான், விசாரித்து, சிறையைத் திறந்துவிட்டு, திருத்தங்கால், வயலூர் என்று இரண்டு ஊரை அவருக்குக் கொடுத்து, நிலத்தில் விழுந்து வணங்குகிறான். பொய் சொன்னது அவன் ஆட்கள்தான். விழுந்தது அவன்.

உங்கள் கதையில் ஆள் உயிரோடு இருக்கிறார், பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். பஸ் ஸ்டாப்பில் வைத்துப் பேசாதீர்கள், வீட்டுக்குப் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்காமல் அனுப்பியது என் தவறு என்று சொல்லுங்கள், பங்காளி பெயரை முதல் வாக்கியத்தில் எடுக்காதீர்கள். எத்தனை பேர் முன்னால் வரவேண்டாம் என்று சொன்னீர்களோ, அத்தனை பேர் முன்னாலும் இதைத் திரும்பச் சொல்ல வேண்டும், கொழுந்து எடை போடுகிற நேரத்தில் எல்லோரும் கூடியிருப்பார்கள், அந்த நேரம் போதும். வேலை இல்லாமல் அவர் இருந்த நாட்களுக்கு எவ்வளவு கூலி ஆகும் என்று கணக்குப் போட்டு, கவரில் வைத்துக் கொண்டு போங்கள். திரும்ப வேலைக்கு வாருங்கள் என்று கேட்கலாம், வரமாட்டேன் என்று அவர் சொன்னால் வற்புறுத்தக் கூடாது. அவர் உட்காரச் சொல்லாவிட்டால் நின்றுகொண்டே சொல்லிவிட்டு வாருங்கள்.

என்ன ஆனது என்று ஒரு வரி எழுதுங்கள்.